பலருக்கு ஒரு நிரல்

புனேயில் 1988-ஆம் ஆண்டு தோன்றிய சி-டாக் நிறுவனம் 1991-இல் பரம் 8000 மீக்கணினியை அளித்ததை நேயர்கள் அறிந்திருக்கலாம். அதன் பயிற்சிப் பள்ளியில் ஜாவா மொழியோடு வலைச்சேவைகளை அமைக்கும் முறையும் கற்பிக்கப்படுகிறது.

பழகிய நிரலாளருக்கும் இத்துறையில் ஓர் இடறல் உண்டு. அனுபவமே சிலவேளை தடையாகிறது என்போம். தனியொருவருக்கான நிரல் அவர் ஒருவரையே நினைத்தால் போதும். வழங்கிக் கணினியில் இயங்கும் 'சர்வ்லெட்' என்னும் நிரற்கூறோ, தான் ஒன்றாகவே இருந்து, ஒரே வேளையில் பலருக்கு விடையிறுக்கிறது. கேட்பவர் பெயரை அதன் பொது உறுப்பில் எழுதிவைத்தால், சென்னைக்குச் சீட்டுக் கேட்கும் நம் பெயர் நாகபுரிப் பயணியின் சீட்டில் ஏறிவிடக்கூடும்! ஒருவர் மட்டும் சோதித்தால் இப்பிழை தென்படாது. தீபாவளி நெரிசலில்தான் வெளிப்படும். ஆதலின் அவரவர் விவரத்தை அவரவர் கோரிக்கையைக் கவனிக்கும் செயற்கூறின் உள்மாறியிலேயே வைத்தல் வேண்டும். பலர் ஒருங்கே வினவுவதாக அமைத்துச் சோதித்தலும் வேண்டும்.