ஸ்டிக்கரில் 450 வாட். உள்ளே 200 கூட இல்லை! கம்ப்யூட்டர் வாங்குவோர் கோட்டை விடும் இடம்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. இங்கே கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்ய வருகிறவர்கள் பிராசசருக்குப் பேரம் பேசுகிறார்கள். கிராபிக்ஸ் கார்டுக்கு நாலு கடை ஏறி இறங்குகிறார்கள். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிற பெட்டி எப்படிப்பட்டது என்று கேட்பவர் அபூர்வம். கடைக்காரர்கள் பாஷையில் அதற்கு 'எஸ்.எம்.பி.எஸ்.' என்று பெயர். 'அது கேபினெட்டோடயே வருது சார்' என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

வில்லங்கம் அங்கேதான் ஆரம்பம்!

கல்யாண ஆல்பம் போடும் ஸ்டூடியோக்காரர்கள், வீடியோ எடிட்டிங் செய்து பிழைப்பவர்கள், மாதத் தவணையில் கார்டு வாங்கும் காலேஜ் பையன்கள் ஆகியோர்தான் இதில் மாட்டுகிறார்கள். கணக்கு எழுதும்போதும் சினிமா பார்க்கும்போதும் மிஷின் ஒழுங்காக ஓடும். கனமான வேலை கொடுத்ததும் 'பட்'டென்று அணைந்து, தானாகவே மறுபடி கிளம்பும். வைரஸ் என்று நினைத்து விண்டோசை அழித்துப் போடுவார்கள். ராமைக் கழற்றித் துடைப்பார்கள். சர்வீஸ்காரருக்கு இரண்டு தடவை தண்டம். கடைசியில் பார்த்தால் எஸ்.எம்.பி.எஸ். தாங்கவில்லை!

இதோடு போனால் பரவாயில்லை. அளவுக்கு மீறி இழுத்தால் தானாக அணைத்துக்கொள்ளும் பாதுகாப்பு மலிவுப் பெட்டிகள் பலவற்றில் கிடையாது. அது சாகும்போது போர்டையும் கார்டையும் கூடவே அழைத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு. மிச்சம் பிடித்தது சில நூறு. போவது பல ஆயிரம்.

12 வோல்ட்டைப் பாருங்கள்

சுவரில் வரும் 230 வோல்ட்டை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருவதுதான் எஸ்.எம்.பி.எஸ். வேலை. இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டில்தான் தின்கின்றன.

பெட்டியின் பக்கவாட்டில் ஒரு கட்டம் போட்ட லேபிள் இருக்கும். அதில் 12 வோல்ட் எதிரே எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்று இருந்தால் 12-ஐ 16-ஆல் பெருக்க வேண்டும். 192 வாட்! மேலே கொட்டை எழுத்தில் 450 என்று போட்டிருப்பது மற்ற லைன்களை எல்லாம் கூட்டிக் காட்டிய வித்தை. சில பெட்டிகளில் கூட்டினால்கூட அந்தக் கணக்கு வராது.

கையில் தூக்கிப் பார்ப்பதும் ஒரு பழைய உபாயம். பஞ்சு மாதிரி இருந்தால் சந்தேகப்படலாம்.

எவ்வளவு போதும்?

இன்டெல் ஐ5 12400 பிராசசர் முழு மூச்சில் 117 வாட் வரை எடுக்கும். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 170 வாட். போர்டு, ராம், டிஸ்க், பேன் எல்லாவற்றுக்கும் தாராளமாக 60 வைத்தாலும் மொத்தம் 350 வாட் பக்கம்தான். ஆனால் அந்தக் கார்டுக்கு என்விடியா கம்பெனியே சொல்லும் அளவு 550 வாட். கண் மூடித் திறப்பதற்குள் கார்டு சொன்னதைவிட அதிகமாக இழுத்துவிடும். அதைத் தாங்க இடம் வேண்டும். 12 வோல்ட்டில் 40 ஆம்பியருக்கு மேல் தருகிற நல்ல 550 வாட் பெட்டி இதற்குச் சரி.

கார்டே இல்லாத மிஷினா? ஐ3 12100 முழு வேகத்தில் 89 வாட். மற்றவற்றையும் சேர்த்தால் 150-ஐ ஒட்டி நிற்கும். ஒழுங்கான 400 வாட் பெட்டி தாராளம். மளிகைக் கடையில் டேலி போடும் மிஷினுக்கு 750 வாட்டைத் தலையில் கட்டினால் அதுவும் ஏமாற்று வேலைதான்.

ஐ9 14900கே பிராசசருக்கு 253 வாட், ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுக்கு 450 வாட் என்று போகிறவர்கள் 850 வாட்டுக்குக் கீழே நினைக்கவே கூடாது. 1000 வாட் என்றால் நிம்மதி.

கரண்ட் பில் ஏறுமா?

பெரிய பெட்டி போட்டால் கரண்ட் பில் எகிறும் என்று பலர் பயப்படுகிறார்கள். தப்பு. 650 வாட் என்பது கொடுக்கக்கூடிய அளவு. கம்ப்யூட்டர் 200 கேட்டால் 200-தான் கொடுக்கும்.

பில்லைத் தீர்மானிப்பது வேறு. சுவரிலிருந்து எடுத்ததில் எவ்வளவு வீணாக்காமல் தருகிறது என்பதுதான் கணக்கு. 2004-ல் வந்த '80 பிளஸ்' முத்திரை இதற்காகத்தான். குறைந்தது 80 சதவீதம் தேற வேண்டும். 300 வாட் வேலைக்கு 80 சதவீதப் பெட்டி சுவரிலிருந்து 375 வாட் எடுக்கும். 90 சதவீதப் பெட்டி 333 வாட்டோடு நிற்கும். தினம் 8 மணி நேரம் ஓடினால், இரண்டு மாத பில்லில் 20 யூனிட் வித்தியாசம். ஆல்பம் போடும் கடைக்கு இது கணக்குதான். வீட்டுக்குப் பெரிதில்லை.

யூ.பி.எஸ். வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 600 வி.ஏ. யூ.பி.எஸ். பல 360 வாட்தான் தரும். மேலே சொன்ன 350 வாட் மிஷின் முழு வேகத்தில் ஓடினால் சுவரிலிருந்து 400-க்கு மேல் இழுக்கும். மானிட்டர் வேறு தனி. கரண்ட் போனதும் 'கீ' என்று கத்திவிட்டு யூ.பி.எஸ்.ஸும் படுத்துக்கொள்ளும்!

கடைசியாக, பழைய பெட்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலவற்றின் பின்பக்கம் சின்னதாக ஒரு சிவப்பு சுவிட்ச் இருக்கும். ஒரு பக்கம் 115, மறுபக்கம் 230. நம் ஊர் 230. பிளக்கைச் சொருகும் முன் அதைப் பார்த்துவிடுங்கள். 115-ல் இருந்தால் ஸ்விட்ச் போட்ட நிமிஷமே 'டமார்'!