கடுகளவு மின்னல்! நானோ துகள் தயாரிக்கும் மைக்ரோ பிளாஸ்மா

உங்கள் வீட்டு டியூப் லைட் எரியும்போது அதனுள் இருப்பது என்ன தெரியுமா? பிளாஸ்மா! வாயுவில் மின்சாரம் பாயும்போது அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து ஓடும். திடம், திரவம், வாயு ஆகியவற்றை அடுத்த இந்த நான்காவது நிலையே பிளாஸ்மா.

உங்கள் கம்ப்யூட்டரில் உள்ள சிப்பும் பிளாஸ்மாவின் உதவியால் செதுக்கப்பட்டதுதான். ஆனால் அதற்குக் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடக் கலன்கள், பம்புகள் எல்லாம் தேவை. செலவும் அதிகம்.

வெற்றிடம் இல்லாமல் முடியாதா?

முடியும். பிளாஸ்மாவைச் சிறியதாக்க வேண்டும், அவ்வளவுதான். வாயுவில் மின்சாரம் பாயத் தேவையான வோல்டேஜ், வாயு அழுத்தத்தையும் மின்முனைகளின் இடைவெளியையும் பெருக்கினால் வரும் எண்ணைப் பொறுத்தது. இதை 1889ல் கண்டறிந்தவர் ஜெர்மனியின் பாஷன். எனவே இடைவெளியை 1 மில்லிமீட்டருக்கும் கீழே குறைத்தால், சாதாரணக் காற்றழுத்தத்திலேயே பிளாஸ்மா நிலையாக எரியும். இதுவே மைக்ரோ பிளாஸ்மா. இதில் எலெக்ட்ரான்கள் மட்டுமே மிகச் சூடாக இருக்கும். வாயு அந்த அளவு சூடாகாது.

என்ன தயாரிக்கலாம்?

சிலிக்கான் அடங்கிய சிலேன் வாயுவை மெல்லிய குழாய் வழியே இந்தப் பிளாஸ்மாவுக்குள் செலுத்தினால், வாயு உடைந்து சிலிக்கான் அணுக்கள் ஒன்று சேரத் தொடங்கும். நொடியின் சிறு பகுதிக்குள் வெளியே வந்துவிடுவதால் துகள்கள் பெரிதாக வளர நேரமில்லை. 2005ல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வாளர்கள் இப்படி 1 முதல் 3 நானோமீட்டர் அளவுள்ள துகள்களைத் தயாரித்தனர். புற ஊதா ஒளி பட்டால் இவை நீல நிறத்தில் ஒளிர்ந்தன! (1 மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் ஒரு பங்குதான் 1 நானோமீட்டர்.)

2013ல் கேஸ் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எத்தனால் ஆவியைச் செலுத்தி நானோ வைரத் துகள்களையே உருவாக்கினர். அப்போது வாயுவின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டவில்லை.

குறை இல்லையா?

உண்டு. ஒரு சிறு பிளாஸ்மாவில் கிடைக்கும் துகள்கள் மிகக் கொஞ்சம். பல பிளாஸ்மாக்களை வரிசையாக அமைத்து, எல்லாவற்றையும் ஒரே சீராக எரியவைப்பதுதான் பெரிய சவால். அது கைகூடினால், வெற்றிடக் கலனுக்குச் செலவிட முடியாத சிறிய ஆய்வகமும் நானோ துகள்களைத் தயாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை: இதில் உயர் வோல்டேஜும், காற்றுப் பட்டாலே தீப்பற்றும் சிலேனும் உள்ளன. வீட்டில் முயல வேண்டாம்!