வரவு விலையும் செலவு விலையும்: நியூஸிலாந்தின் காலாண்டுக் கணக்கு

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது" என்பது குடியானவர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. கணக்குப் பார்ப்பதே வீண் என்று சிலர் இதற்குப் பொருள் கொண்டு, விளைந்ததை விற்று வந்த பணத்தை மட்டும் எண்ணி மனநிறைவு அடைகின்றனர். ஆனால் உழக்கு மிஞ்சாமற் போனதற்குக் காரணம் கணக்கு அன்று. மிஞ்சாததைக் கணக்கு எடுத்துக் காட்டுகிறது, அவ்வளவே. விற்ற விலை ஏறிய வருஷத்திலும் கையில் நிற்கும் மீதம் குறைவதுண்டு. அது ஏன் என்பதை அறிய, விற்ற விலையோடு வாங்கிய விலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

இதனை ஒரு தேசம் முழுவதற்கும், தொழில்வாரியாக, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிட்டு வெளியிடும் வழக்கம் நியூஸிலாந்து நாட்டில் இருந்துவருகிறது. அந்நாட்டின் ஏற்றுமதியில் பாற்பொருள்களும் இறைச்சியும் முதன்மையானவை. உலகச் சந்தையில் விலை அசைந்தால் அங்கே பண்ணைவாசலில் அது தெரியும். ஆதலால் அந்நாட்டுக் கணக்கு விவசாயிகள் அறிந்துகொள்ளத் தக்கது.

இரண்டு எண்கள்

நியூஸிலாந்துப் புள்ளிவிவர இலாகா, மார்ச்சு, ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாதங்களோடு முடியும் ஒவ்வொரு காலாண்டுக்கும் உற்பத்தியாளர் விலைக் குறியீட்டெண்களை வெளியிடுகிறது. கடையில் சாமான் வாங்குவோர் கொடுக்கும் விலை இதில் வருவதில்லை. பண்ணையின் வாசலிலும் ஆலையின் வாசலிலும் நடக்கும் விலையே இதில் வரும். விற்பனைமேல் விதிக்கப்படும் வரி இதிற் சேராது.

ஒவ்வொரு தொழிலுக்கும் இரண்டு எண்கள் உண்டு. அத்தொழிலினர் தம் பொருளுக்குப் பெறும் விலையின் மாறுதலைக் காட்டுவது ஒன்று. இதனை வரவு விலை எண் எனலாம். அப்பொருளை உண்டாக்க அவர்கள் வாங்கும் சாமான்கள், எரிபொருள், பிறர் செய்யும் வேலைகள் ஆகியவற்றுக்குக் கொடுக்கும் விலையின் மாறுதலைக் காட்டுவது மற்றொன்று. இது செலவு விலை எண். ஆட்கூலியும், இயந்திரம், கட்டடம் முதலிய முதலீட்டுச் செலவும் இச்செலவு எண்ணில் அடங்குவதில்லை. அவற்றுக்குத் தனியாக வேறு எண்கள் உள்ளன.

குறிப்பிட்ட ஒரு காலாண்டின் விலையை 1000 என்று வைத்துக்கொண்டு, பின்வரும் காலாண்டுகளின் விலை அதனோடு ஒப்பிடப்படுகிறது. எண் 1050 ஆனால் விலை நூற்றுக்கு 5 வீதம் ஏறியது என்று பொருள்.

இரண்டு எண்களையும் சேர்த்துப் படிப்பதன் பயனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஒரு பண்ணையின் விற்பனை 1000 ரூபாய், வாங்கிய சாமான்களின் செலவு 700 ரூபாய் என்று கொள்வோம். மீதம் 300 ரூபாய். அடுத்த வருஷம் விற்பனை விலை நூற்றுக்கு 10 வீதம் ஏறி வரவு 1100 ஆகிறது. சாமான்களின் விலை நூற்றுக்கு 20 வீதம் ஏறிச் செலவு 840 ஆகிறது. இப்போது மீதம் 260 ரூபாய்தான். விலை ஏறியது என்று ஊரார் பேசுவர். குடியானவர் கையிலோ 40 ரூபாய் குறைந்துவிட்டது. கூலியை இன்னும் இதிற் கழிக்கவில்லை.

ஒருவர் வரவு மற்றொருவர் செலவு

நியூஸிலாந்தில் பாலின் விலை, அதிலுள்ள கொழுப்பும் புரதமும் சேர்ந்த திடப்பொருளின் எடையைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. பால் வருஷம் ஜூன் முதல் தேதி தொடங்கி மே மாத இறுதியில் முடிகிறது. நாட்டுப் பாலின் பெரும்பகுதியைக் கொள்முதல் செய்வது, 2001-ஆம் வருஷத்தில் அமைந்த ஃபான்டெரா என்னும் கூட்டுறவு ஸ்தாபனம். பண்ணைக்காரரே அதன் பங்குதாரர்கள். பாலுக்குரிய பணம் உடனே முழுவதும் கொடுக்கப்படுவதில்லை. வருஷம் நடக்கும்போதே முன்பணமாகவும், முடிந்தபின் மீதமாகவும் கிடைக்கிறது.

2013-14 பால் வருஷத்தில் அந்த ஸ்தாபனம் ஒரு கிலோ திடப்பொருளுக்குக் கொடுத்த விலை 8.40 நியூஸிலாந்து டாலர். அடுத்த வருஷம் அது 4.40 ஆயிற்று. 2015-16-இல் 3.90 ஆக இறங்கியது. காரணங்கள் பல ஒன்றுசேர்ந்தன. மிகுதியாகப் பால்பொடி வாங்கிவந்த சீனம் வாங்குவதைக் குறைத்துக்கொண்டது. 2014 ஆகஸ்டில் ருஷியா, ஐரோப்பிய நாடுகள் முதலியவற்றின் உணவுப் பொருள்களைத் தடுத்தது. அப்பொருள்கள் வேறு சந்தைகளை நாடின. ஐரோப்பாவில் 1984 முதல் இருந்துவந்த பால் உற்பத்தி வரம்பு 2015 மார்ச்சு மாதத்தோடு நீக்கப்பட்டது.

இவ்வாறு விலை இறங்கியபோது, பால் பண்ணைத் தொழிலின் வரவு எண் விழுந்தது. அதே பால் ஆலைக்குக் கச்சாப் பொருள் ஆதலால், பாற்பொருள் செய்யும் ஆலைத் தொழிலின் செலவு எண்ணும் இறங்கியது. ஒரே விலை, பண்ணையின் பட்டியலில் நஷ்டமாகவும் ஆலையின் பட்டியலில் செலவுக் குறைவாகவும் தோன்றியது. "செலவு விலை குறைந்தது" என்னும் செய்தியைக் கண்டவுடன் எல்லோருக்கும் நன்மை என்று எண்ணிவிடலாகாது. யாருடைய செலவு குறைந்தது, அது யாருடைய வரவு என்று கேட்டுப் பார்த்தால்தான் உண்மை விளங்கும்.

பண்ணைக்காரர் பலர் அக்காலத்தில் கடன் வாங்கிப் பண்ணையை நடத்த நேர்ந்தது. இந்தோனேஷியா, மலேஷியா நாடுகளிலிருந்து வரும் எண்ணெய்ப்பனைக் கொட்டைப் பிண்ணாக்கை வாங்குவதைக் குறைத்து, தம் நிலத்துப் புல்லையே நம்பும் முறைக்குப் பலர் திரும்பினர். பாலின் விலை அவர்கள் வசத்தில் இல்லை. தீனிச் செலவு ஓரளவேனும் அவர்கள் வசத்தில் இருந்தது.

விலை ஏறிய வருஷத்தின் மறுபக்கம்

2021-22 பால் வருஷத்தில் விலை 9.30 டாலருக்கு உயர்ந்தது. ஆனால் 2022 பிப்ரவரியில் ருஷியா உக்ரேன்மீது படையெடுத்தபின், ஏற்கெனவே ஏறியிருந்த உரத்தின் விலையும் எரிபொருளின் விலையும் உலகெங்கும் மேலும் ஏறின. நியூஸிலாந்து ரிஸர்வ் பாங்கின் அடிப்படை வட்டி வீதம் 2021 அக்டோபர் தொடக்கத்தில் நூற்றுக்கு கால் வீதமாக இருந்தது. 2023 மே மாதத்தில் 5½ வீதமாயிற்று. கடன்பட்டிருந்த பண்ணைகளுக்கு இது பெருஞ்சுமை. அடுத்த 2022-23-இல் பாலின் விலை 8.22-க்கு இறங்கியது; செலவுகள் அதே வேகத்தில் இறங்கவில்லை. விலை இறங்கும்போது பொழுதோடு இறங்குவதும், செலவு ஏறிய இடத்திலேயே தங்கிவிடுவதும் எந்நாட்டு விவசாயியும் பட்டறிந்ததே.

இதனைக் கருதியே அங்குப் பண்ணைச் செலவுகளுக்கென்று வேறொரு விலைக் குறியீட்டெண் தனியே கணக்கிடப்படுகிறது. பால் பண்ணை, ஆட்டுப் பண்ணை, பயிர்ப் பண்ணை என்று அது பிரிக்கப்பட்டுள்ளது. உரம், எரிபொருள், தீனி, மின்சாரம், கால்நடை வைத்தியம், வட்டி முதலியவை அதில் வகைவகையாக வரும். ஆட்டுப் பண்ணைக்கு உரோமம் கத்தரிக்கும் கூலி முக்கியம். பால் பண்ணைக்கு அச்செலவே இல்லை. ஒரே சராசரி எல்லோருக்கும் பொருந்தாது என்பதற்கு இப்பிரிவே சான்று.

மழை குறைந்தால் ஆலை மூடுவது

விலையேற்றம் ஒரு தொழிலிலிருந்து மற்றொரு தொழிலுக்குப் பரவும் விதத்தை மின்சாரத்தில் காணலாம். அந்நாட்டு மின்சாரத்திற் பாதிக்கு மேல் நீர்வீழ்ச்சியால் உண்டாவது. 2024-ஆம் வருஷம் மழை குறைந்து ஏரிகளில் நீர்மட்டம் தாழ்ந்தது, இயற்கைவாயுவும் தட்டுப்பட்டது. ஆகஸ்டில் மொத்தச் சந்தையில் மின்சார விலை மிகக் கடுமையாக ஏறிற்று. மின்சாரம் உண்டாக்குவோருக்கு அது வரவு. மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்போருக்கும் ஆலைகளுக்கும் அது செலவு. வடதீவின் நடுப்பகுதியில் ஒரு மரக்கூழ் ஆலையும் மரம் அறுக்கும் ஆலையும் மின்சார விலையைக் காரணம் காட்டி அவ்வருஷமே மூடப்பட்டன. சுமார் 230 பேர் வேலையிழந்தனர். ஏரியில் நீர் குறைந்தது. அதன் விளைவு பட்டியலில் எண்ணாகவும், ஊரில் வேலையின்மையாகவும் வந்தது.

எண்ணைப் படிக்கும்போது கவனிக்க வேண்டியவை

முதலாவது, விழுக்காடு ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றல்ல. பாலின் விலை 8.40-இலிருந்து 4.40 ஆனது ஏறக்குறைய நூற்றுக்கு 48 வீத இறக்கம். அது பழைய நிலைக்குத் திரும்ப நூற்றுக்கு 91 வீதம் ஏற வேண்டும். "சென்ற காலாண்டைவிட நூற்றுக்கு 20 வீதம் ஏற்றம்" என்ற செய்தியைக் கண்டால், அது எவ்வளவு பள்ளத்திலிருந்து ஏறியது என்று பார்த்தல் வேண்டும்.

இரண்டாவது, மொத்த எண்ணில் எந்தப் பொருளுக்கு எவ்வளவு எடை என்பது. இந்தியாவிலும் மொத்த விலைக் குறியீட்டெண் மாதந்தோறும் கணக்கிடப்படுகிறது. 2011-12-ஐ அடியாகக் கொண்ட வரிசையில், விளைபொருள், கனிமம் முதலிய முதல்நிலைப் பொருள்களுக்கு நூற்றில் 22.62 பங்கும், எரிபொருள், மின்சாரத்துக்கு 13.15 பங்கும், ஆலைச் சரக்குகளுக்கு 64.23 பங்கும் கொடுக்கப்பட்டன. நெல் விலை இறங்கினாலும் இரும்பு விலை ஏறினால் மொத்த எண் ஏறக்கூடும். ஆகவே மொத்த எண்ணோடு நில்லாமல் உரிய பொருளின் வரியைத் தேடிப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, அளவு மாறாதிருக்கிறதா என்பது. இந்தியாவில் 2018 மார்ச்சு முதல் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாக ஆக்கப்பட்டது. வேப்பெண்ணெய்ப் பூச்சுச் செலவும் வரியும் நீங்கலாக மூட்டை விலை 268 ரூபாயிலிருந்து 242 ரூபாயாயிற்று. மூட்டையைப் பார்த்தால் 26 ரூபாய் குறைவு. கிலோவைப் பார்த்தால் முன்பு 5 ரூபாய் 36 பைசா, பின்பு 5 ரூபாய் 38 பைசா, குறைவே இல்லை. குறியீட்டெண் கணக்கிடுவோர் எப்போதும் ஒரே அளவுக்கு, ஒரே தரத்துக்கு விலை பார்ப்பது இதன்பொருட்டே.

விவசாயிகள் செய்யத்தக்கது

இம்முறையை ஒரு சாதாரண நோட்டுப் புத்தகத்திலேயே கையாளலாம்.

1. வருஷத்தை நான்கு காலாண்டுகளாகப் பிரித்து, இடப்பக்கத்தில் விற்ற பொருளின் விலையையும் வலப்பக்கத்தில் வாங்கிய பொருளின் விலையையும் எழுதுக.

2. மூட்டை, கட்டு, டின் என்று எழுதாமல் கிலோவுக்கும் லிட்டருக்கும் விலையை எழுதுக.

3. ஆட்கூலியையும் வட்டியையும் தனித்தனி வரியில் எழுதுக. நியூஸிலாந்துச் செலவு எண்ணில் கூலி சேராதது கணக்கின் வசதிக்காக. நடவுக்கும் களையெடுப்புக்கும் அறுவடைக்கும் ஆள் வைப்போர் அதை விட்டுவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும்.

4. சென்ற காலாண்டோடு மட்டும் ஒப்பிடாமல், சென்ற வருஷத்தின் அதே காலாண்டோடும் ஒப்பிடுக. அறுவடைக் காலத்து விலையை நடவுக் காலத்து விலையோடு ஒப்பிடுவது பொருந்தாது.

5. விற்ற தேதியோடு பணம் கைக்கு வந்த தேதியையும் குறிக்க. இடையில் வாங்கிய கடனுக்குரிய வட்டியும் அப்பயிரின் செலவே.

கிராம நிர்வாக அலுவலர்களும் கூட்டுறவுச் சங்கத்தாரும், தம் ஊரில் நடந்த விளைபொருள் விலை, உர விலை, கூலி வீதம் ஆகிய மூன்றையும் காலாண்டுக்கு ஒருமுறை சங்கத்தின் சுவரில் எழுதிவைத்தால், எழுத்தறியாதவருக்கும் பிறர் படித்துச் சொல்ல வழியுண்டாகும். ஊரார் ஒன்றுகூடி விலை கேட்கச் செல்லும்போது வெறும் முறையீட்டைவிட அப்பட்டியல் வலிமை மிக்கதாக இருக்கும்.

பாலின் விலை பாதியானதை அத்தேசத்தின் கணக்கால் தடுக்க முடியவில்லை. ஆனால் நஷ்டம் எங்கே விழுந்தது, எவ்வளவு விழுந்தது, எந்தச் செலவைக் குறைக்கலாம் என்பது கணக்கிலிருந்தே தெரிந்தது. உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்கு மிஞ்சாமலிருக்கலாம். கணக்குப் பாராதவனுக்கோ உழக்கு எங்கே போயிற்று என்பதும் தெரியாது.