சிறுவனின் பேணி

சிறுவர் தேடி வைக்கும் பொருள்களைப் பெரியோர் குப்பை என்பர். சிறுவரோ செல்வம் என்பர். இவ்விரண்டில் எது மெய் என்று அறுதியிட்டுக் கூற, ஆசிரியத் தொழிலிற் பல்லாண்டு கழித்த யானும் நெடுநாள் தயங்கியிருந்தேன். கடந்த மாரியின் தொடக்கத்தில், கிளிநொச்சிப் பகுதியிலுள்ள எங்கள் பள்ளியில் ஆறாந் தரத்து மாணவன் ஒருவன் வைத்திருந்த பால்மாப் பேணி அவ்வையத்தைத் தீர்த்து வைத்தது.

இலக்கணப் பாடம் நடந்துகொண்டிருந்தது. எழுவாயை விளக்கிப் பயனிலைக்கு வருமுன், வாங்கின் கீழிருந்து கலகலவென்று ஓர் ஓசை எழுந்தது. "தம்பி, அதை இங்கே கொண்டு வா" என்றேன். அஞ்சியஞ்சிக் கொணர்ந்து மேசைமீது வைத்தான். மூடியைத் திறந்தேன்.

நான்கு போளைகள், அவற்றுள் ஒன்று உடைந்தது. துவிச்சக்கர வண்டி மணியின் மூடி. பழைய வானொலிப் பெட்டியிலிருந்து கழற்றிய காந்தத் துண்டு. மணலில் இழுத்தபோது ஒட்டிய கருந்தூள் அதிலே தாடிபோற் படிந்திருந்தது. முள்ளம்பன்றியின் முள் ஒன்று. ஒரு பிடி குன்றிமணி. சில மஞ்சாடி விதைகள். ஒரு நெருப்புப் பெட்டி. மயிலிறகு மட்டும் பேணியில் இல்லை; அது குட்டி போடும் பொருட்டுச் சமய பாடப் புத்தகத்தின் நடுவே கிடந்தது.

இத்தகைய சிறுவன் நம் இலக்கியத்துக்குப் புதியவனல்லன். தச்சன் செய்த சிறுவண்டியில் ஏறிச் செல்ல இயலாவிடினும், அதனைக் கையால் இழுத்தே இன்புறும் பிள்ளைகளைக் குறுந்தொகை காட்டுகிறது. குதிரை பூட்டாமல் உருட்டும் மூன்று சில்லுத் தேரைப் பட்டினப்பாலை பேசுகிறது. பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் சிற்றில் சிதைத்தலையும் சிறுபறை முழக்கலையும் சிறுதேர் உருட்டலையும் ஆண்பாற் பருவங்களாகவே வகுத்தனர். வன்னிச் சிறுவனுக்குத் தச்சன் துணையும் வேண்டா. மீன் பேணி தேரின் உடலாகும். தேய்ந்த செருப்பை வட்டமாக வெட்டினால் நான்கு சில்லுகள் கிடைக்கும். கயிறு கட்டி இழுத்தால் தேர் ஓடும்.

பேணிக்குரியவனின் நாளும் இத்தகைய வேலைகளாலே நிறைந்தது. வீட்டிலிருந்து பள்ளி அரைக் கட்டைத் தூரம். அவன் நடைக்கு அது ஒரு மணி நேரம். வாய்க்கால் மதகில் மீன்குஞ்சு பார்க்க ஒரு தரிப்பு. கறையான் புற்றில் ஈர்க்கு விட்டுப் பார்க்க ஒரு தரிப்பு. பாலை பழுக்கும் மாதங்களில் உதடிரண்டும் பழத்தின் பாலால் ஒட்டிக்கொள்ள வகுப்புக்கு வருவான். பிந்தியதற்குக் காரணம் கேட்டால் தலை குனிவான். காரணம் இல்லாமலன்று; எங்களுக்கு விளங்கக்கூடிய காரணம் இல்லாமையால்.

பேணியைக் குப்பைக் கூடையிற் போட்டுவிட்டுப் பாடத்தைத் தொடரலாம் என்று ஒரு கணம் எண்ணினேன். முன்னொரு முறை அவ்வாறு செய்தவன் யான்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்து, முகாம்களிலிருந்து சனங்கள் தத்தம் ஊர்களுக்கு மீண்டுகொண்டிருந்த காலம் அது. வளவுகளிலும் வயல் வரம்புகளிலும் மிதிவெடிகளும் வெடிக்காத எறிகணைகளும் கிடந்தன. பளபளக்கும் எதையும் எடுத்துப் பார்க்கும் பிள்ளைக் கை அவற்றையும் எடுக்குமன்றோ? ஆதலின் "கண்டதைத் தொடாதீர்கள், எடுக்காதீர்கள், வந்து சொல்லுங்கள்" என்று காலைக் கூட்டந்தோறும் கற்பித்தோம். அது உயிர் காத்த பாடம். அதனை இன்றும் குறைகூறேன். ஆனால் ஒரு நாள், ஒரு மாணவனுடைய பையிலே சிப்பியும் விதையும் நத்தை ஓடும் இருக்கக் கண்டேன். ஒவ்வொன்றாகப் பார்த்து, தீங்கற்றவை என்று தெளிந்த பின்னரும், "எடுக்காதே என்றேனல்லவா?" என்று சினந்து அவற்றை வெளியே வீசினேன். அவன் அழவில்லை. அதன்பின் எதையும் என்னிடம் கொண்டுவந்து காட்டவுமில்லை, எதைப்பற்றியும் கேட்கவுமில்லை. அந்த மௌனத்தை ஒழுக்கம் என்று அக்காலத்திற் கருதினேன்.

அந்நினைவு இப்போது என் கையைத் தடுத்தது. "நெருப்புப் பெட்டிக்குள் என்ன?" என்று கேட்டேன். மெல்லத் திறந்தான். ஈர மணலின்மேல் ஒரு தம்பலப்பூச்சி ஊர்ந்துகொண்டிருந்தது.

வன்னியில் முதன்மழை விழுந்ததும் நிலத்தின்மேல் தோன்றும் இச்சிற்றுயிரை அறியாதார் இலர். செம்பட்டில் ஒரு துளி கிள்ளி எடுத்தாற் போன்ற உடல். தம்பலம் என்பது மென்ற வெற்றிலை. நிறம் பற்றி வந்த பெயர். சங்கப் புலவர் இதனை மூதாய் என்றும் ஈயன்மூதாய் என்றும் பெயரிட்டு, கார்காலத்து முல்லை நிலத்திலே வைத்துப் பாடினர்.

"சேர், இதுக்கு எட்டுக் கால். பூச்சிக்கு ஆறு கால்தானே?" என்றான் பையன்.

உண்மைதான். பூச்சி என்று பெயர் பெற்றதேனும் இது சிலந்திக்கு உறவானது.

"மழை இல்லாத காலத்தில இது எங்க இருக்கும்?"

மண்ணுக்குள்ளே இருக்கும், மழை பெய்து ஈசல் புறப்படும்போது அதனை உண்ண மேலே வரும் என்றேன். சொல்லும்போதே என் மனத்தில் ஒன்று பட்டது. ஈயல் என்பது ஈசல். அவ்வுறவை அறிந்துதான் ஈயன்மூதாய் என்று முன்னோர் பெயரிட்டனர் போலும். அகநானூற்றைப் பல்லாண்டு கற்பித்தும் இதனை யான் எண்ணிப் பார்த்ததில்லை; ஒரு சிறுவனின் வீண் கேள்வி எண்ண வைத்தது.

"இது ஏன் சேர் இவ்வளவு சிவப்பு?"

"என்னைத் தின்னாதே, சுவை கெட்டவன் என்று குருவிகளுக்குச் சொல்லுகிறது, தம்பி."

சிறிது நேரம் நின்றான். பிறகு, "அப்ப, மிதிவெடிப் பலகை மாதிரி" என்றான்.

வகுப்பு அடங்கிப் போயிற்று. மண்டையோடு வரைந்த அச்செம்பலகைகளை அறியாத பிள்ளை எங்கள் பகுதியில் இல்லை. அவனே ஒரு குன்றிமணியை எடுத்து, "இதுவும் சிவப்பு" என்று நீட்டினான். ஆம், அதனுள்ளே கொடிய நஞ்சு உண்டு. கடித்தலாகாது, கையில் வைத்துப் பார்க்கலாம் என்றேன். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி என்று பொற்கொல்லர் நிறுத்ததையும், புறத்தே சிவந்து மூக்கிற் கறுத்த குன்றியை வள்ளுவர் போலித் துறவிக்கு உவமையாக்கியதையும் சொன்னேன். பயனிலை அன்று வரவேயில்லை.

மெய்ப்பாடு எட்டனை வரிசைப்படுத்திய தொல்காப்பியர் மருட்கையை அடுத்து அச்சத்தையும், அச்சத்தை அடுத்துப் பெருமிதத்தையும் வைத்தார். இதுவரை காணாதது, மிகப் பெரியது, மிகச் சிறியது, ஒன்று மற்றொன்றாய் மாறுவது ஆகிய நான்கும் மருட்கைக்கு நிலைக்களன். பெருமிதத்துக்குரிய நான்கினுள் கல்வியும் ஒன்று. இவ்வரிசையில் ஒரு படிமுறை உண்டென்று நூலாசிரியர் கருதினார் எனத் துணிந்து கூறேன். ஆயினும் எங்கள் பிள்ளைகளின் கதை அதில் அடங்கியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. வியப்போடு பிறந்தவர்களுக்கு அச்சத்தைக் கற்பித்தோம், கற்பிக்க வேண்டியிருந்தது. அவ்வளவில் நின்றுவிடின் கல்வி எங்ஙனம் வரும்?

மிதிவெடிகளைத் தடைசெய்யும் உலக உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் இணைந்தது. அது விதித்த பத்தாண்டுத் தவணை 2028 ஜூனில் முடியும். முகமாலை முதலிய இடங்களில் எங்கள் பெண்கள் பலரும் முழந்தாளிட்டு, நிலத்தை அங்குலம் அங்குலமாகத் துழாவி வெடி அகற்றியிருக்கிறார்கள். நிலத்தைத் துப்புரவாக்குவது அவர்கள் தொழில். பிள்ளையின் மனத்திலே நாம் நட்ட எச்சரிக்கைப் பலகைகளுள் எதனை வைத்திருப்பது, எதனைப் பிடுங்குவது என்று தெரிவது ஆசிரியர் தொழில். இரும்பைக் கண்டால் விலகு. விதையைக் கண்டால் எடுத்துப் பார். இவ்வேறுபாட்டைக் கற்பிப்பதற்கு "தொடாதே" என்ற ஒரு சொல் போதாது.

பேணியை மூடி அவனிடமே கொடுத்தேன். "தம்பலப்பூச்சியை மட்டும் பின்னேரம் எடுத்த இடத்தில் விட்டுவிடு, தம்பி."

"விட்டால் நாளைக்கும் அங்க நிக்குமோ, சேர்?"

எனக்குத் தெரியவில்லை. காலையில் இருவரும் போய்ப் பார்ப்போம் என்றேன்.