வெயிலுக்கும் காந்தத்துக்கும் ஆக்கவுரிமை

பேசாலைக் கரையிலே கருவாடு காய்கின்ற வெயிலுக்கு எவரும் வரி கேட்பதில்லை. வள்ளத்துக்குத் திசை காட்டும் பூமியின் காந்தமும் அப்படியே. ஆயினும் இவ்விரண்டையும் பயன்படுத்தும் முறைகளுக்கு மேல்நாட்டார் ஆக்கவுரிமைப் பத்திரம் பெற்றிருந்தனர் என்றால் வாசகர்கள் வியப்படையலாம்.

வெயிலின் கதையை முதலிற் பார்ப்போம். குழந்தைகளின் காலெலும்புகளை வில்லாய் வளைத்துவிடும் என்புருக்கி நோய், சூரியனைக் காண்பதே அரிதான மேல்நாட்டு நகரங்களைப் பெரிதும் வாட்டி வந்தது. உணவுப் பொருள்களின்மீது ஊதாக்கடந்த கதிர்களைப் பாய்ச்சினால் அவ்வுணவே அந்நோய்க்கு மருந்தாகும் என்பதை, அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஸ்டீன்பொக் 1924ஆம் ஆண்டளவிற் கண்டறிந்தார். விற்றமின் 'டி' உண்டாவதே அதன் இரகசியம். தமது கைப்பணம் 300 டொலரைச் செலவிட்டு அவர் ஆக்கவுரிமைக்கு விண்ணப்பித்தார். குவேக்கர் ஓட்ஸ் கம்பனி ஏறக்குறையப் பத்து இலட்சம் டொலர் தர முன்வந்தபோதும் அதனை ஏற்காது, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்கென 1925இல் அமைந்த நிறுவனத்துக்கே உரிமையை வழங்கினார். பத்திரம் 1928இற் கிடைத்தது.

பெருந்தன்மைதான், ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. பாற்பண்ணைகள் மலிந்த மாநிலமல்லவா? வெண்ணெய்க்குப் போட்டியான மாஜரினுக்கு மட்டும் அனுமதி மறுக்கப்பட்டது. மாஜரினோ ஏழைகளின் வெண்ணெய். என்புருக்கி அதிகம் பீடித்ததும் ஏழைப் பிள்ளைகளையே. 1940களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த ஆக்கவுரிமைகளைச் செல்லாதவையென்று தள்ளியபோது, இம்மறுப்பையும் சுட்டிக்காட்டத் தவறவில்லை.

நமது கரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. சாளையும் சூடையும் உண்டு. எனினும் வீட்டுக்குள்ளேயே பொழுதைக் கழிக்கும் முதியோரின் உடலில் அவ்விற்றமின் குறைந்துவிடலாம். மாதவிடாய் நின்ற பெண்களின் எலும்பு உள்ளே புரையோடி மெலிவதும் உண்டு. முற்றத்தில் இலேசாகச் சறுக்கி விழுந்தாலே இடுப்பெலும்பு முறிந்துவிடும். இதற்கு வழங்கும் அலெண்ட்ரோனேற் மாத்திரைக்கான ஆக்கவுரிமை அமெரிக்காவில் 2008இற் காலாவதியானபின், பல கம்பனிகள் அதனை மலிவாகச் செய்யலாயின. வைத்தியர் அதனைக் கொடுத்திருந்தால், காலையில் வெறும் வயிற்றில், ஒரு குவளை நிறைந்த நீருடன் விழுங்கி, அரைமணி நேரம் படுக்காதிருத்தல் வேண்டும். இல்லையேல் உணவுக்குழல் புண்ணாகும். பாட்டிமார் விழுங்கிய கையோடு சாய்ந்துவிடாதபடி பிள்ளைகளே பார்த்துக்கொள்ளல் நலம்.

இனிக் காந்தம். கப்பல்கள் இரும்பினால் ஆகத் தொடங்கியதும் திசைகாட்டிகள் தடுமாறின. பின்னாளிற் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தொம்சன், பட்டு நூலிற் கோத்த எட்டுச் சிறு ஊசிகளைக் கொண்டு திசைகாட்டி அமைத்து, அதன் இருபுறமும் இரும்புக் குண்டுகளை நிறுத்திக் கப்பலின் ஈர்ப்பைச் சமன்செய்தார். 1876இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார்.

இன்று ஊசிக்குப் பதிலாக நகத்தினும் சிறிய சில்லு கைத்தொலைபேசிக்குள் அமர்ந்திருக்கிறது. மின்னோட்டம் செல்லும் மெல்லிய தகட்டைக் காந்தம் அணுகினால் அதன் குறுக்கே மின்னழுத்தம் தோன்றும் என்று 1879இல் எட்வின் ஹோல் கண்டதே அத்தகைய பல சில்லுகளுக்கு அடிப்படை. நின்ற இடத்தை விண்ணிலுள்ள செய்மதிகள் சொல்லும். நிற்கும் வள்ளம் எப்பக்கம் நோக்கியிருக்கிறதென்பதைக் காந்தச் சில்லே சொல்ல வேண்டும். 1974இலும் 1976இலும் வரையப்பட்ட கடலெல்லையை இருளில் அறியாது கடந்து சிறைப்படும் கடற்றொழிலாளருக்கு இது சிறிய காரியமன்று.

ஆனால் தொம்சனை வருத்திய இரும்பு இச்சில்லையும் விடுவதில்லை. இயந்திரத்தருகே இருந்துகொண்டு வடக்கைப் பார்ப்பவர், தொலைபேசியை அணியத்துக்கு எடுத்துச் சென்று இன்னொரு தடவை பார்ப்பாராக.