பாலித்தீன் கவருக்குள் ஒளிந்திருக்கும் ஈத்தேன்! சிலிண்டரில் மட்டும் ஏன் வருவதில்லை?

அனுப்பர்பாளையம்:

குடத்துக்குப் பாலீஷ் போட்டு முடித்ததும் கீறல் விழாமல் இருக்க பாலித்தீன் கவரைச் சுற்றுகிறோம். அந்தக் கவர் எதிலிருந்து வருகிறது என்று பட்டறையில் கேட்டால், "பெட்ரோல்ல இருந்துதானே" என்று பதில் வரும். பாதி சரி. கச்சா எண்ணெயிலிருந்தும் வருகிறது, ஈத்தேன் என்ற கியாஸிலிருந்தும் வருகிறது.

மீத்தேன் எல்லோருக்கும் தெரிந்த பெயர். தஞ்சை, திருவாரூர் பகுதியில் அதை எடுக்க 2010-ல் ஒப்பந்தம் போடப்பட்டு, பிறகு விவசாயிகள் போராடியதில் தமிழகம் முழுக்கப் பரவிவிட்டது. அதன் தம்பிதான் ஈத்தேன். பூமிக்கு அடியில் கிடைக்கும் இயற்கை எரிவாயுவில் பொதுவாக மீத்தேனுக்கு அடுத்தபடி அதிகம் இருப்பது இதுதான். நிறம் இல்லை, வாசனை இல்லை. காற்றில் சுமார் 3 முதல் 12 சதவீதம் வரை கலந்திருந்தால் ஒரு பொறி போதும், வெடித்துவிடும்.

சிலிண்டருக்குள் அடங்காது

நன்றாக எரியும் என்றால் சிலிண்டரில் அடைத்துக் கொடுக்கலாமே? அங்கேதான் சிக்கல். நம் சமையல் கியாஸ் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்தது. ஓரளவு அழுத்தினாலே திரவமாகிவிடும். ஈத்தேன் அப்படிப் படியாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிவிட்டால் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. சித்திரை மாதம் நம்ம ஊர் பட்டறைக்குள் 32 டிகிரி எல்லாம் ஒரு சூடா? 30 டிகிரியில் திரவமாக வைத்திருக்கவே காற்றழுத்தத்தைப்போல சுமார் 46 மடங்கு அழுத்தம் வேண்டும். வீட்டு சிலிண்டரை சோதித்துப் பார்ப்பதே சதுர சென்டிமீட்டருக்கு 25 கிலோ அழுத்தத்தில்தான்.

இன்னொரு வித்தியாசம். சமையல் கியாஸ் கசிந்தால் தரையோடு படியும். மீத்தேன் மேலே போகும். ஈத்தேன் ஏறக்குறைய காற்றின் எடைதான், அதனால் நடுவிலேயே கலந்து நிற்கும். சிலிண்டர் கசியும்போது வரும் நாற்றம்கூட கியாஸின் சொந்த வாசனை இல்லை. கசிவு தெரியட்டும் என்று மெர்காப்டன் என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அந்த நாற்றம் வந்தால் சுவிட்சில் கை வைக்காமல் கதவைத் திறந்துவிட வேண்டும்.

பனியனிலும் இருக்கிறது

ஈத்தேனை எரிப்பதைவிட உடைப்பதில்தான் லாபம். நீராவியோடு சேர்த்து 800 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் எத்திலீன் ஆகிறது. எத்திலீனைக் கோர்த்தால் பாலித்தீன். (மொறமொறவென்று சத்தம் போடும் பி.பி. கவர் வேறு ரகம், அது புரொப்பிலீனில் இருந்து வருவது.) எத்திலீனில் இருந்து கிளைக்கால் தயாரித்து, அதோடு இன்னொரு அமிலத்தைச் சேர்த்தால் பாலியஸ்டர். விளையாட்டு டி-சர்ட் துணி, தையல் நூல் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

உத்தரப்பிரதேசத்தில் பாட்டா என்ற ஊரில் கெயில் நிறுவனம் 1999 முதல் இந்த வேலையைச் செய்கிறது. ரிலையன்ஸ் நிறுவனம் 2017 முதல் அமெரிக்காவில் இருந்தே ஈத்தேனை குஜராத்தின் தஹேஜ் துறைமுகத்துக்குக் கொண்டு வருகிறது. மைனஸ் 89 டிகிரி அளவுக்குக் குளிரவைத்து, இதற்கென்றே கட்டிய 6 ராட்சதக் கப்பல்களில் வருகிறது.

கடல் தாண்டி வரும் சரக்கு என்பதால் டாலர் ஏறினாலும் அடி, வெளிநாட்டுத் தகராறு வந்தாலும் அடி. 2025 ஜூனில் சீனாவுக்கு ஈத்தேன் அனுப்ப தனி அனுமதி வேண்டும் என்று அமெரிக்கா கெடுபிடி செய்தது. சரக்கு ஏற்றியும் சீனாவில் இறக்க முடியாமல் கப்பல்கள் தவித்தன. ஜூலையில்தான் அந்தக் கெடுபிடி நீங்கியது.