திரையில் தெரியும் சிரிப்பும் கிணற்று நீர்க் கறையும்

பல் டாக்டர் கணினித் திரையை உங்கள் பக்கம் திருப்புகிறார். திரையில் இருப்பது உங்கள் முகம்தான். பல் மட்டும் வேறு யாருடையதோ போலிருக்கிறது. இடைவெளி அடைபட்டிருக்கிறது, கோணல் நேராகியிருக்கிறது, கறையைக் காணவில்லை. "இப்படிப் பண்ணிடலாம்" என்கிறார். டிஜிட்டல் ஸ்மைல் டிசைன் என்று இதற்குப் பெயர். கோவையிலும் கொச்சியிலும் பல கிளினிக்குகள் இதை முன்னிறுத்தியே விளம்பரம் செய்கின்றன. கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்து நல்லேப்பிள்ளிப் பக்கத்தவர்கள் சொத்தைப் பல் அடைக்கச் சித்தூரோ பாலக்காடோ போவார்கள்; கல்யாணத்துக்கு முன் முன்பல்லைச் சரிசெய்வது போன்ற பெரிய செலவு என்றால் எல்லை தாண்டிப் பொள்ளாச்சிக்கும் கோவைக்கும் பஸ் ஏறுவது உண்டு.

டாக்டர் காட்டும் அந்தப் படம் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. பல்லின் வடிவத்தையும் அளவையும் திட்டமிடுவதற்கு அது அருமையான கருவி. ஆனால் சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில் பலருக்கும் குறை வடிவத்தில் இல்லை, நிறத்தில் இருக்கிறது. நிறத்தில்தான் இந்தக் கருவி சறுக்கும்.

முகம் இல்லாத அச்சு

பல் கட்டும் வேலையில் பாதி, டாக்டரின் நாற்காலியில் நடப்பதில்லை. அவர் வாயில் அளவெடுத்து, பிளாஸ்டர் அச்சாக்கி, லேபுக்கு அனுப்புகிறார். லேபில் உட்கார்ந்து பீங்கானில் பல் செய்பவர் உங்களைப் பார்த்ததே இல்லை. அவர் கையில் இருக்கும் அச்சில் பல் உண்டு, ஈறு உண்டு. உதடு இல்லை, கண் இல்லை, முகம் இல்லை. அச்சில் பார்க்க மிக நேர்த்தியாக இருந்த ஆறு பற்கள் வாயில் பொருத்திய பிறகு ஒரு பக்கம் சாய்ந்து நிற்பது இதனால்தான். முகத்தின் நடுக்கோடு எங்கே, சிரிக்கும்போது உதடு எவ்வளவு உயரும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

இந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தவர் பிரேசிலின் கிறிஸ்டியன் கோச்மன். பல் மருத்துவம் மட்டுமல்ல, லேபில் பல் செய்யும் தொழிலும் கற்றவர். மார்செலோ கலாமிட்டாவுடன் சேர்ந்து 2012-இல் அவர் எழுதிய கட்டுரைதான் இந்த முறையைப் பரவலாக அறிமுகப்படுத்தியது. அப்போது இதற்கென்று தனி மென்பொருள்கூடத் தேவைப்படவில்லை. அலுவலகக் கூட்டங்களில் ஸ்லைடு காட்டப் பயன்படுத்தும் சாதாரண மென்பொருளில், முகத்தின் புகைப்படத்தின் மேல் கோடுகளை வரைந்தார்கள். டாக்டர், லேப், நோயாளி மூவரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச வேண்டும் என்பதே நோக்கம். வாடிக்கையாளரை மயக்கும் விளம்பரப் படமாக இது மாறியது பிற்பாடு.

முன்பல்லின் மேல் மெல்லிய ஓடு ஒட்டி அழகாக்கும் ஆசை இதைவிடப் பழையது. 1928-இல் ஹாலிவுட்டில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் நடிகர்களுக்கு இப்படி ஓடு செய்து கொடுத்தார். பல்செட் ஒட்டும் பொடியைத் தூவித் தற்காலிகமாக ஒட்டுவது. ஷூட்டிங் முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். நிலையாக ஒட்டும் வழி 1955-க்குப் பிறகுதான் திறந்தது. எனாமலை அமிலத்தால் லேசாக அரித்துச் சொரசொரப்பாக்கினால் பிசின் பிடித்துக்கொள்ளும் என்று மைக்கேல் புவனகோர் அந்த ஆண்டு காட்டினார். பீங்கான் ஓட்டையும் அதேபோல ஒட்டலாம் என்பது 1980-களின் தொடக்கத்தில் உறுதியானது. இன்று வெனீர் என்று சொல்வது இதைத்தான்.

கோடு போட்டு, வாயில் போட்டு

முதலில் புகைப்படங்கள். வாய் மூடிய முகம், உதடு தளர்ந்த நிலை, முழுச் சிரிப்பு, பக்கவாட்டு, உதட்டை விலக்கிப் பல் மட்டும். கூடவே ஒரு சின்ன வீடியோ. கேமராவைப் பார்த்ததும் நம்மில் பாதிப் பேர் உதட்டை இறுக்கிக்கொள்கிறோம். பேசவிட்டு எடுத்தால்தான் இயல்பான சிரிப்பு வரும். ஆகவே வீடியோ எடுக்காமல் ஒரே ஒரு போட்டோவை வைத்துத் திட்டம் போடுகிறார்கள் என்றால் கொஞ்சம் சந்தேகப்படலாம். செல்போனை முகத்துக்கு மிக அருகில் வைத்து எடுத்த படமும் உதவாது. நடுவில் இருக்கும் மூக்கும் பல்லும் பெருத்துத் தெரியும்.

பிறகு கோடுகள். இரு கண்மணிகளையும் இணைத்துக் கிடைக்கோடு, நெற்றியிலிருந்து மோவாய் வரை செங்குத்துக் கோடு. பல்லின் நடுக்கோடு இதோடு பொருந்துகிறதா, பல் வரிசை கீழுதட்டின் வளைவை ஒட்டிப் போகிறதா என்று பார்க்கிறார்கள். மேல் முன்பல்லின் அகலம் அதன் நீளத்தில் சுமார் 75 முதல் 80 சதவீதம் இருந்தால் கண்ணுக்கு இயல்பாகப் படும் என்பது பொதுவான கணக்கு. வயதும் இதில் வருகிறது. வாயைத் தளர்த்தி வைத்திருக்கும்போது முப்பது வயதுக்குள் இருப்பவருக்கு மேல் முன்பல் 3 மில்லிமீட்டருக்கு மேல் தெரியும். அறுபதைத் தாண்டியவருக்குக் கிட்டத்தட்ட தெரியவே தெரியாது. 1978-இல் விக், புருண்டோ என்ற இருவர் அளந்து சொன்ன கணக்கு இது. முகத்தை இளமையாக்க வேண்டும் என்று பல்லை நீட்டுவதற்கு ஆதாரமும் இதுவே.

அடுத்து, கையில் பிடிக்கும் சிறு ஸ்கேனரை வாய்க்குள் ஓட்டி முப்பரிமாண மாதிரி எடுக்கிறார்கள். அதன்மேல் புதுப் பல்லைக் கணினியில் வடிவமைத்து, 3டி பிரிண்டரில் அச்சிட்டு, அதற்கு ஒரு சிலிகோன் உறை செய்கிறார்கள். உறைக்குள் பல் நிறப் பிசினை இட்டு, உங்கள் பல்லின் மேல் அழுத்திச் சில நிமிடம் வைத்து எடுத்தால், திரையில் பார்த்தது வாயில் உட்கார்ந்திருக்கும். மாக்-அப் என்று இதைச் சொல்வார்கள். தையல்காரர் துணியை மேலே போர்த்திப் பார்க்கச் சொல்வது மாதிரி. இன்னும் துணி வெட்டவில்லை.

என் பார்வையில் இந்த முறையின் முழுப் பயனும் இந்த ஒரு கட்டத்தில்தான் இருக்கிறது. திரையில் நீங்கள் பார்ப்பது அசையாத படம். மாக்-அப் போட்டால் பேசிப் பார்க்கலாம். 'வா, வெயில், வெள்ளை' என்று சொல்லுங்கள். மேல் பல்லின் விளிம்பு கீழுதட்டில் மெல்லப் பட வேண்டும், குத்தக் கூடாது. 'தாத்தா' சொல்லும்போது நாக்கு பல்லின் பின்புறம் தட்டும். அங்கே தடித்திருந்தால் உடனே தெரியும். வீட்டில் தமிழும் கடைத்தெருவில் மலையாளமும் பேசுகிறவர் இரண்டிலும் பேசிப் பார்ப்பது நல்லது. கண்ணாடியில் மட்டும் பார்க்காமல் கூட வந்த அம்மாவிடமோ அக்காவிடமோ காட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் கழற்றிப் போட்டுவிட்டுப் பஸ் ஏறலாம். பல்லில் ஒரு துளிகூடக் குறைந்திருக்காது.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மாக்-அப்பால் பல்லின் மேல் சேர்க்க மட்டுமே முடியும், குறைக்க முடியாது. எடுப்பான பல்லை உள்ளே தள்ளிக் காட்டும் படத்தைத் திரையில் ஒரு நொடியில் செய்துவிடலாம். வாயில் போட்டுப் பார்க்க முடியாது. அப்படிப்பட்டவருக்குப் பெரும்பாலும் கம்பி அல்லது கழற்றி மாட்டும் அலைனர் போட்டுப் பல்லை நகர்த்துவதுதான் சரியான வழி. மாதக்கணக்கில் ஆகும். 'பத்து நாளில் முடிக்கலாம்' என்று சொல்கிறவர் பல்லைத் தேய்த்துக் கேப் போடப் போகிறார் என்று அர்த்தம்.

மென்பொருளில் ஏற்கெனவே ஏற்றிவைத்த பல் வடிவங்களும் இருக்கும். அதில் ஒன்றைத் தேர்ந்து எல்லாருக்கும் மாட்டினால் எல்லாரும் ஒரே மாதிரி சிரிப்பார்கள். 1.618 என்ற தங்க விகிதத்தில் முன்பற்கள் அமைய வேண்டும் என்று 1978-இல் லெவின் எழுதினார். இயற்கையான பற்களை அளந்தவர்கள் அந்த விகிதத்தை அபூர்வமாகவே கண்டார்கள். தெத்துப்பல்லை அழகு என்று கொண்டாடும் ஊர் நம்முடையது. கணினிக்கு அது திருத்த வேண்டிய பிழை. வேண்டாம் என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், விட்டுவிடுவார்.

சித்தூர் வட்டத்துக் கறை

இனி நிறத்துக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாயின் கிழக்கோரம் கேரளத்திலேயே மழை குறைந்த பகுதிகளில் ஒன்று. நல்லேப்பிள்ளி, கொழிஞ்சாம்பாறை, பெருமாட்டி எல்லாம் அடங்கிய சித்தூர் ஒன்றியத்தை, அளவுக்கு மீறி நிலத்தடி நீர் உறிஞ்சப்படும் இடமாக மத்திய நிலத்தடி நீர் வாரியம் முன்பு வகைப்படுத்தியிருந்தது. ஆழ்துளைக் கிணறு ஆழப்போகப் போக, பாறையில் நெடுங்காலம் தங்கிய நீர் மேலே வருகிறது. அதில் ஃபுளோரைடு கரைந்திருக்கிறது. பாலக்காடு மாவட்டக் கிணறுகளின் ஃபுளோரைடு பற்றி 2007-இல் கரண்ட் சயின்ஸ் இதழில் தனிக் கட்டுரையே வந்தது. எல்லாக் கிணறும் அப்படி இல்லை. பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்களிலேயே அளவு மாறும். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீர் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடைத் தாண்டக் கூடாது. வேறு வழியில்லை என்றால் 1.5 வரை.

குழந்தையின் நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும் காலத்தில், அதாவது பிறந்தது முதல் சுமார் எட்டு வயது வரை, இந்த அளவு மீறிய நீரைக் குடித்தால் எனாமல் சரியாக இறுகாது. பல் முளைக்கும்போதே வெள்ளைப் புள்ளி, சுண்ணாம்பு பூசினாற்போன்ற திட்டு, மோசமானால் பழுப்புப் பட்டை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது. கறை பல்லின் மேல் இல்லை, உள்ளே இருக்கிறது. வெற்றிலை போட்டான், பல் விளக்குவதில்லை என்று பழி சுமந்த பிள்ளைகள் எத்தனையோ பேர். இந்தியாவில் இந்த ஃபுளோரைடு பாதிப்பை முதலில் பதிவு செய்ததும் நம் பக்கம்தான்: அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கண்டதை 1937-இல் ஷார்ட் குழுவினர் வெளியிட்டனர். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததற்கும் இதே ஃபுளோரைடுதான் காரணம்.

இந்தக் கறையோடு ஸ்மைல் டிசைனுக்குப் போனால் என்ன ஆகும்? திரையில் கறை ஒரு சொடுக்கில் மறையும். அப்படி மறைப்பதற்கு நிஜத்தில் நேரான வழி வெனீர். வெனீருக்காகப் பல்லின் முன்புறத்தைச் சாதாரணமாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை இழைக்க வேண்டும். அடர்ந்த பழுப்பை மறைக்க வேண்டுமானால் இன்னும் கொஞ்சம். எனாமல் திரும்ப வளராது. நன்றாக ஒட்டிய வெனீர்களில் பெரும்பாலானவை பத்து ஆண்டு தாண்டியும் நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் இருபத்தைந்து வயதில் போட்டுக்கொள்கிறவர் வாழ்நாளில் இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டியிருக்கும் என்று அப்போது யாரும் சொல்வதில்லை. ஃபுளோரைடு ஏறிய எனாமல் அமிலத்துக்கு எளிதில் மசியாது என்பதால் ஒட்டுவதிலும் டாக்டருக்குக் கூடுதல் கவனம் வேண்டும்.

வடிவம் சரியாக இருந்து நிறம் மட்டும் குறை என்றால் முதலில் முயல வேண்டியவை வேறு. வீட்டிலேயே தட்டு மாட்டிச் செய்யும் பிளீச்சிங். பழுப்பு இதில் ஓரளவு வெளுக்கும், வெள்ளைத் திட்டு ஆரம்பத்தில் கூடுதலாகத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். எனாமலின் மேற்பரப்பை மட்டும் அமிலக் குழம்பால் லேசாக உரசி எடுக்கும் மைக்ரோ அப்ரேஷன். இதில் இழப்பது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான். வெள்ளைத் திட்டுக்குள் தெளிந்த பிசினை ஊறவைக்கும் முறை 2009-இலிருந்து சந்தையில் இருக்கிறது. இவற்றில் எது போதும் என்று பார்த்த பிறகே பல் நிறப் பிசினைப் பூசும் காம்போசிட், அப்புறம் வெனீர். கேப் கடைசி. லேசான வெள்ளைப் புள்ளிகளுக்கு எதுவும் செய்யாமல் விடுவதும் ஒரு சிகிச்சை முடிவுதான். பல்லுக்கு இத்தனை என்று கணக்குப் போடும் கிளினிக்கில் அதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள் என்பதால் நாமே கேட்க வேண்டியிருக்கிறது.

நிறத்தைத் திரையில் பார்த்து ஒப்புக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொரு திரையும் ஒவ்வொரு வெள்ளை காட்டும். பல் போன்ற பட்டைகள் வரிசையாக இருக்கும் ஷேட் கைடை வாயருகே பிடித்து, பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே வழக்கம். வீட்டா நிறுவனத்தின் பழைய வரிசையில் 16 நிறங்கள் உண்டு. பிளீச்சிங் முடித்த பிறகு குறைந்தது இரண்டு வாரம் பொறுத்தே நிறம் பார்க்கவும் ஒட்டவும் வேண்டும். நிறம் நிலைக்க அவ்வளவு நாளாகும், அதற்கு முன் பிசினும் சரியாகப் பிடிக்காது. முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறவர்கள் இதையும் சேர்த்து எண்ணுங்கள்.

ஈறில் ரத்தம், சொத்தை, தூக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் அவற்றைக் கவனித்த பிறகுதான் அழகு வேலை. செய்கிறவர் பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம். அழகு நிலையத்தில் பல் வெளுப்பவருக்கு அந்தப் பதிவு இருக்காது. சிகிச்சைக்கு முந்தைய படங்களையும் ஸ்கேன் கோப்பையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பல் உடைந்தால் வேறு ஊர் டாக்டருக்கும் உதவும். உங்கள் முகத்தை விளம்பரத்தில் போட அனுமதி கேட்டால், மறுப்பதும் உங்கள் உரிமை.

வீட்டில் எட்டு வயதுக்கு உட்பட்ட குழந்தை இருந்தால் போர்வெல் தண்ணீரை ஒருமுறை சோதித்துவிடுங்கள். கேரள நீர் ஆணையத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். அளவு மிகுந்திருந்தால் குடிக்கவும் சமைக்கவும் குழாய் நீரோ ஆர்.ஓ. நீரோ பயன்படுத்துங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட லிட்டருக்கான அளவு கூடத்தான் செய்யும்.